விதைப்பையோடு வந்த சின்னப் பொட்டலம்

விதைக் கடைக்காரர் எங்களை ஏமாற்றினார். ஏமாந்தோம் என்பதே ஜெர்மனிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பெரம்பலூர் பக்கம் என் நிலம். புழு அண்டாது என்று விற்ற, மரபணு மாற்றிய பி.டி. பருத்தியைப் புழு தின்று தீர்த்ததால் மக்காச்சோளத்துக்கு மாறினேன். அதிலும் படைப்புழு. மரபணு மாற்றிய சோளம் வந்தால்தான் பிழைப்போம் என்று ஊர்க் கூட்டத்தில் சண்டை போட்டவன் நான். ஜூன் கடைசியில் டார்ம்ஸ்டாட்டில் மகள் வீட்டுக்கு வந்ததும், அந்தச் சோள வயலைக் காட்டு என்றுதான் கேட்டேன்.

மகளின் தோழி நிரோஷா கூட்டிப்போனாள். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவள். பயிர்ப் பூச்சிகளைப் பற்றிப் படித்தவள். ரைன் ஆற்றுப் பக்கம், காரில் முப்பது கிலோமீட்டர். வழியெல்லாம் சோளம். இதில் எது அது என்றேன்.

"ஒண்டும் இல்லை அங்கிள். இங்க அதைப் போட ஏலாது. தடை."

இத்தனை கார் செய்கிற நாட்டிலா?

வயல்காரர் யூர்கனுக்கு என் வயதிருக்கும். தண்டுத் துளைப்பானுக்கு அவர் மருந்தடிப்பதில்லை. ட்ரோன் ஒன்று சின்ன உருண்டைகளைப் போட்டுக்கொண்டே போனது. அவற்றிலிருந்து வரும் பொடிக் குளவிகள் துளைப்பானின் முட்டைகளை அழித்துவிடுமாம்.

ஸ்பெயினில் மரபணு மாற்றிய சோளம் போடுகிறார்கள் என்றாள் நிரோஷா. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு நிலத்தில் சாதாரணச் சோளம் நிற்க வேண்டுமாம். புழுவுக்கு எதற்கு விருந்து என்று எரிந்து விழுந்தேன்.

"அந்தச் சோளத்தில இருக்கிற நஞ்சுக்குத் தப்பின ரெண்டு பூச்சி ஒண்டோடொண்டு சேந்தா, பிறக்கிற ஒண்டுக்கும் நஞ்சு ஏறாது அங்கிள். பக்கத்தில சாதாரணப் பயிர் நிண்டா, அதில வளந்த பூச்சியோட சேரும். அந்தக் குஞ்சுகள் நஞ்சில சாகும்."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நாளில் ஒவ்வொரு பருத்தி விதைப்பையோடும் ஒரு சின்னப் பொட்டலம் வரும். சாதாரணப் பருத்தி விதை. "அது வெத்து விதைங்க, எடத்தை வீணாக்காதீங்க" என்றார் கடைக்காரர். ஊரே தூக்கி எறிந்தது.

நான் சொன்ன இதை நிரோஷா ஜெர்மனில் சொன்னதும் யூர்கன் சிரித்தார், வேடிக்கை என்று நினைத்து. என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். யார்மேல் வழக்குப் போட்டீர்கள் என்று கேட்டார். நாங்கள் புழுவைத்தான் திட்டினோம்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் கடைசியில் போனால் ட்ரோனைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பேருந்து அரிது. கேட்காமல் வயலில் கால் வைக்காதீர்கள்.

அந்தச் சோளம் நம் ஊருக்கு வருமோ, தெரியாது. வந்தால், சாதாரண விதை எதற்கு என்று கம்பெனி பையிலேயே தமிழில் அச்சடிக்க வேண்டும். எவ்வளவு இடம் விடுவது என்று வேளாண் அலுவலர் விதைப்புக்கு முன் வயலில் வந்து காட்ட வேண்டும். ஒருவர் இடம் விட, இன்னொருவர் ஏய்க்காமல், எல்லாரும் விட வேண்டும். எறியச் சொன்ன கடைக்காரர் அதே வாயால் ஊர்க் கூட்டத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டியது நான்.