ஏழாமவளின் பட்டுச் சட்டை

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், கிடைத்த வருஷம், அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு நடந்தது இது. மலாக்கா காஜா பேராங்கில் மூத்த அண்ணன் வீட்டில் இருந்தேன். எனக்கு இருபத்து நான்கு வயது. கணவர் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

தையல் எனக்குக் கைவந்த வேலை. தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் ரவிக்கை தைத்தேன். ஆனால் அண்ணன் மகளுக்கு செமாபோக்கில் மாப்பிள்ளை பார்த்து நாள் குறித்ததும், கூறைச் சேலைக்கான சிவப்பு ரவிக்கைத் துணியைக் கடைத்தெருத் தையல்காரரிடம் கொடுக்க அண்ணி தனியாக எடுத்து வைத்துவிட்டார். அண்ணி கெட்டவர் இல்லை. குழம்பில் நல்ல துண்டு மீனை எனக்கு எடுத்து வைத்த பிறகுதான் சாப்பிட உட்காருவார். "உனக்குத் தெரியாததா தங்கச்சி? மாப்பிள்ளை வீட்டுல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்றார்.

எனக்கும் தெரியும்தான். ஆனால் அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகத் திரிந்தவள் நான். அவள் கல்யாண ரவிக்கையில் நான் ஊசி வைக்கக்கூடாது என்றால் எப்படி இருக்கும்? அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் தையல் மிஷின்மேல் காட்டினேன். அந்த வாரம் மூன்று ஊசி உடைந்தது.

எதிர்ச் சாரியில் சீனப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த ஒரு வீடு இருந்தது. கொங்சி வீடு என்போம். வசதியானவர்கள் வீட்டில் சமையலும் பிள்ளை பார்ப்பதும் அவர்கள் வேலை. லீவு கிடைத்தால் இங்கே வந்துவிடுவார்கள். வெள்ளை மேல்சட்டை, கறுப்புக் கால்சட்டை, இழுத்து முடிந்த கொண்டை. பளபளப்பான நகை கிடையாது. ஆண் வாடையே கிடையாது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அத்தனை பேரும் விதவைகள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். காலையில் யார் எதிரே வந்தாலும் சகுனம் கெடக்கூடாது என்று ஒதுங்கி நிற்கிறவள், அவர்கள் வந்தால் மட்டும் ஒதுங்க மாட்டேன். நம்ம கட்சிதானே!

அவர்களில் ஓர் அக்காவுடன் எனக்குப் பழக்கம். முப்பத்தைந்து வயதிருக்கும், கணீரென்ற குரல். ஒருமுறை அவருடைய கிழிந்த காலரை நான் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுத்ததிலிருந்து, தெருவில் பார்த்தால் மலாயில் நலம் விசாரிப்பார். அவர்தான் கூப்பிட்டார். சீனக் கணக்கில் ஏழாம் மாதம் ஏழாம் நாள், வானத்து ஏழு சகோதரிகளுக்குப் பெண்களே நடத்தும் பூசை. சாயங்காலம் தெருவே பார்க்க வரும், நீ முன்னாலேயே வந்துவிடு என்றார்.

மதியம் போனேன். கூட்டம் வருவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கணக்கு. உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். நீள மேசை நிறைய அவர்கள் கைவேலை. எள்ளையும் அரிசியையும் ஒவ்வொன்றாக ஒட்டிச் செய்த செருப்புகள், ஒவ்வொன்றும் என் கட்டை விரல் அளவு. சீப்பு, கண்ணாடி, விசிறி எல்லாவற்றிலும் ஏழு. கிண்ணங்களில் பச்சைப்பயறு முளைவிட்டு நிற்க, அதைச் சுற்றிச் சிவப்புக் காகிதம். அட, நம்ம முளைப்பாரி! நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஏழு பட்டுச் சட்டைகள். வேலை நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுக்கு உழைத்துவிட்டு, லீவு நாளில் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார்கள். நானும் ஊசி பிடித்தவள்தான். எனக்குக் கர்வம் போய்விட்டது.

ஏழாவது தங்கைதான் தறி நெய்கிறவளாம். பூமியில் ஒருவனைக் கட்டிக்கொண்டாள், பிரித்துவிட்டார்கள், வருஷத்துக்கு ஒரு நாள்தான் சந்திப்பு என்று அக்கா கதை சொன்னார். ஒரு நாளாவது பார்க்கிறாளே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

அப்போதுதான் நடந்தது. ஊதுவத்தி மாற்றப் போன பெண்ணின் கையிலிருந்து கங்கு விழுந்து, அந்த ஏழாமவளின் சட்டையில், மார்புக்கு நேராகக் குன்றிமணி அளவுக்கு ஓட்டை. தைத்தவள் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். ஏழில் ஒன்று பொத்தல் என்றால் பூசையே குறை. கதவு திறக்க இரண்டு மணி நேரம்கூட இல்லை.

அக்கா சட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் பின்னால் நகர்ந்தேன். "தா போலே லா, என்னால முடியாது. நான் ஜண்டா. விதவை கை சாமி துணியில படக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா? நீங்களும் ஜண்டாதானே!"

அக்கா முழித்தார். பிறகு அதைச் சீனத்தில் மற்றவர்களுக்குச் சொன்னார். வீடே சிரித்தது. அழுதுகொண்டிருந்தவள்கூட மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அலாமாக்! எங்களுக்குப் புருஷனே இல்ல. அப்புறம் எப்படி ஜண்டா?"

சின்ன வயதிலேயே சாமி முன்னால் கொண்டை முடிந்து, கல்யாணம் வேண்டாம், சொந்தக் கையால் பிழைத்துக்கொள்கிறோம் என்று சத்தியம் செய்தவர்களாம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஊர் என்னைப் பார்த்த அதே பார்வையை நானும் அவர்கள்மேல் வைத்திருந்தேன். வெள்ளைச் சட்டையைப் பார்த்தே ஒரு வீட்டுப் பெண்களை விதவையாக்கிய புண்ணியவதி நான்!

அக்கா விடவில்லை. "தைக்கத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு. இந்தச் சாமி நெய்றவ. கையத்தான் பார்ப்பா."

உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோக்கவே மூன்று தடவை ஆனது. ஒட்டுப் போட்டால் தெரிந்துவிடும். சட்டையின் உள்மடிப்பிலிருந்தே பட்டிழைகளை உருவி, நெசவு போகிற போக்கிலேயே குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினேன். எட்டுப் பேரும் மூச்சு விடாமல் சுற்றி நின்றார்கள். முடித்து நிமிர்ந்தபோது வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. நழுவ வழியில்லை.

அண்ணியும் மகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அக்கா சும்மா இருப்பாரா? "இந்த ஏழுல ஒண்ணு நெருப்புப் பட்டது. எதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்று வந்தவர்களை எல்லாம் சீண்டினார். ஒருவராலும் முடியவில்லை. எங்கள் அண்ணி அரிசியில் கல்லை நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிடுகிறவர். குனிந்து குனிந்து தேடி, "எல்லாமே முழுசாத்தானே இருக்கு" என்றார். அக்கா ஏழாவது சட்டையைத் தொட்டுக் காட்டி, பிறகு என்னைக் காட்டினார்.

அண்ணி என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

மறுநாள் காலை நானே கேட்டேன். "அண்ணி, அந்த ரவிக்கையை நான் தைக்கிறேன்."

"செமாபோக்குல கேட்டா?"

"நான்தான் தைச்சேன்னு சொல்லுங்க."

அண்ணி அடுப்படிக்குப் போய்விட்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் சிவப்புத் துணியும் அளவு ரவிக்கையுமாக வந்து மிஷின்மேல் வைத்தார். "கை கொஞ்சம் இறக்கமா வை, அவளுக்கு அதான் புடிக்கும்" என்றார்.

கல்யாணத்தன்று கேட்கத்தான் செய்தார்கள். அண்ணி தலை நிமிர்ந்து சொன்னார். ஓர் அம்மா முகத்தைச் சுளித்தார், பந்தியில் பாயசம் வந்ததும் அதுவும் சரியாகிவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ மணப்பெண்களுக்குத் தைத்துவிட்டேன். அந்த நாட்களில் என்மேல் இரக்கப்பட நிறையப் பேர் இருந்தார்கள். அவசரமாக ஒரு வேலை இருக்கிறது, உன்னால்தான் ஆகும், உட்கார் என்று சொன்னது அந்த வீடு ஒன்றுதான்.