கூப்பிடுகிறவனுக்காக எழுதிய ஸ்டெல்லா

உளுந்தை நனையப் போட்டுவிட்டுக் கையைத் துடைக்கும்போது போன் அடித்தது. பெங்களூரிலிருந்து பேத்தி பகவதி. எப்போதும் "ஆச்சி, சாப்பிட்டியா?" என்று தொடங்குகிறவள் அன்றைக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்னன்னு சொல்லு."

"ஸ்டெல்லாக்கா போயிட்டாவ ஆச்சி."

காலையில் கடற்கரையில் தம்பி வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சடைப்பு வந்ததாம். என்னைவிட எவ்வளவோ இளையவள். உளுந்து நனைந்தது நனைந்தபடியே கிடந்தது. நான் அன்றைக்கு மாவாட்டவில்லை.

கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் நீங்கள் சேர்ந்து ஸ்டெல்லாவுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறீர்கள் என்றும், நானும் எழுத வேண்டும் என்றும் பகவதி சொன்னாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். உங்களுக்கு அவளை மெயிலின் அடியில் இருக்கும் ஒரு பெயராகத் தெரியும். எனக்கு அவள் மாடியில் ஏழெட்டு வருஷம் குடியிருந்தவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

அவள் வீடு கேட்டு வந்த நாளைச் சொல்கிறேன். வடசேரியில் எங்கள் வீட்டு மாடி காலியாக இருந்தது. தோளில் ஒரு பை, கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இவ்வளவுதான் சாமான். "என்ன வேலை?" என்று கேட்டேன். "எழுதுக வேலையாக்கும்" என்றாள். கதையா, கவிதையா என்றேன். சிரித்துவிட்டு எனக்குப் புரியும்படி சொன்னாள். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற ஒரு நடுப்பகுதி உண்டாம், அதற்குக் கர்னல் என்று பெயராம். அதற்குள் எடுபிடி வேலை செய்ய ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன உதவியாட்கள். வெளியூர்க்காரன் ஒருவன் அந்த உதவியாளைக் கூப்பிட வேண்டுமென்றால், என்ன கொடுத்துக் கூப்பிட வேண்டும், என்ன திரும்ப வரும், எங்கே சொதப்பும் என்றெல்லாம் தெரிய வேண்டாமா? அதை ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் எழுதி வைப்பதுதான் அவள் வேலை.

"அப்ப செஞ்சவனே எழுதிட்டுப் போகலாமே?" என்றேன்.

"செஞ்சவனுக்கு எல்லாம் தெரியும் ஆச்சி. அதுனாலதான் அவனுக்கு எழுத வராது" என்றாள். முதல் நாளே என்னை ஆச்சி என்றுதான் கூப்பிட்டாள். அட்வான்ஸைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சாவியைக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறதே, அதில் யாரும் உட்காரக் கூடாது. அவளும் உட்கார மாட்டாள். எழுதி முடித்ததை அந்த வெறும் நாற்காலியைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பாள். ஒருநாள் மாடிப்படி ஏறிய களைப்பில் நான் அதில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயோ ஆச்சி, எந்திரிங்கோ! கூப்பிடுகவன் மேல இருக்கிய!"

யார் அது என்று பயந்துபோய் எழுந்தேன். உதவியாளைக் கூப்பிடப் போகிற, முன்பின் தெரியாத அந்த ஒருத்தனைத்தான் சொல்கிறாள். எந்த நாட்டிலோ இருப்பான், நம் வழக்கம் எதுவும் தெரியாது, பக்கத்தில் கேட்கவும் ஆள் இல்லை. அவன் அங்கே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வாசித்தால்தான் எழுத்து சரியாக வருமாம். "நல்லாயிருக்குட்டி ஒன் கூத்து" என்றேன். ஆனால் பிறகு நான் அந்த நாற்காலியில் வடகம்கூடக் காயப்போட்டதில்லை.

இன்னொரு தடவை அவள் வாசித்ததில் 'இது தூங்கினாலும் தூங்கும்' என்று வந்தது. வேலை செய்கிற நேரத்தில் என்ன தூக்கம் என்று கேட்டேன். சில உதவியாட்கள் நடுவில் காத்துக் கிடப்பார்களாம். அதைச் சொல்லாமல் விட்டால் ஆபத்தாம். "வீட்டுக்கு ஒரு குளியலறைதான் இருக்கு. ஒருத்தன் உள்ள போயி கொண்டியப் போட்டுட்டு உறங்கிட்டான்னு வையுங்கோ. வெளிய நிக்கவன் பாடு?" என்றாள். எங்கள் வீட்டில் என் மகன் அப்படிப்பட்ட ஆள்தான். அதனால் எனக்கு நன்றாகவே விளங்கியது.

பகவதி இன்ஜினியரிங் முடித்து வீட்டில் இருந்த வருஷம் அது. தினமும் மாடிக்குப் போய் ஸ்டெல்லாவோடு உட்கார ஆரம்பித்தாள். சம்பளம் கிடையாது. அவளும் ஒரு உதவியாளுக்கு எழுதி அனுப்பி, அதைக் கர்னலைப் பார்த்துக்கொள்கிற வெளிநாட்டுக்காரர்கள் ஏற்றுக்கொண்டால், பெயர் நிற்கும், பெயர் நின்றால் வேலை கிடைக்கும் என்றார்கள். என் மகனுக்கு, அதாவது பகவதியின் அப்பாவுக்கு, இதில் நம்பிக்கை இல்லை. "தை பிறக்க வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒண்ணும் நடக்கல்லன்னா பேங்க் பரீச்சைக்குக் கோச்சிங். பிறகு பேச்சே கெடையாது" என்று சொல்லிவிட்டான். பகவதிக்குக் கணக்கு வழக்கென்றால் வேப்பங்காய்.

நானோ ரேஷன் கடை வரிசையில் நின்று, "எம் பேத்தி உலகம் முழுக்க வாசிக்கதுக்கு எழுதுகா" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுக்காரி, "எந்தப் பத்திரிகையில வருவுது?" என்று கேட்டு மானத்தை வாங்கினாள். ஆகவே அந்தப் பிள்ளை ஜெயிப்பதில் எனக்கும் பங்கு உண்டு.

மார்கழியில் பகவதி எழுதியதை அனுப்பினார்கள். ஸ்டெல்லாவும் வாசித்து, நாற்காலிக்காரனுக்கும் வாசித்துக் காட்டி, சரி என்று தன் பெயரையும் கீழே போட்டிருந்தாள். சில நாள் கழித்து அந்த வெளிநாட்டுக்காரர்களில் ஒருவனிடமிருந்து பதில் வந்தது. 'வாசித்தேன். ஆனாலும் உள்ளே திறந்து பார்த்துத்தான் இதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்துகொண்டேன்.' அவ்வளவுதான். எது குறை என்று அந்த மனுஷன் சொல்லவில்லை. திறந்து பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தானே எழுதுவது! இரண்டு பேர் முகமும் செத்துப்போயிற்று. என்ன விட்டுப்போனது என்று பகவதிக்கும் தெரியவில்லை, ஸ்டெல்லாவுக்கும் தெரியவில்லை.

அந்தக் காலையில்தான் என் மகனும் கோச்சிங் சென்டர் நோட்டீஸோடு வந்து உட்கார்ந்தான். நான் அவனுக்குப் பிளாஸ்டிக் கப்பில் காப்பி கொடுத்தேன்.

"வீட்டுல தம்ளருக்குமா பஞ்சம் வந்துட்டு?" என்றான்.

எனக்கு வெகுநாளாக அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது. "தம்ளர், சம்புடம், தூக்குவாளி எல்லாம் மாடிக்குக் குடிபோயாச்சு!" என்றேன், மாடிக்குக் கேட்கும்படியே.

விஷயம் இதுதான். அவியல், தீயல், கஞ்சி என்று நான் ஸ்டெல்லாவுக்குக் கொடுத்தனுப்புவேன். போகிற பாத்திரம் திரும்பாது. நானும் கேட்க மாட்டேன். பாத்திரத்தைத் திருப்பித் தா என்று வாய்விட்டுக் கேட்பது எங்கள் வீட்டில் ஒருவரைக் கேவலப்படுத்துவது போல.

ஸ்டெல்லா தடதடவென்று இறங்கி வந்தாள். "ஆச்சி, ஒரு வார்த்த எங்கிட்ட கேக்கப்பிடாதா?"

"கேக்கணுமாக்கும்? திருப்பித் தரணும்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!"

"எனக்கும் தெரியும். ஆனா வெறும் பாத்திரத்தத் திருப்பிக் குடுக்கப்பிடாதுன்னு எங்கம்ம சொல்லித்தந்திருக்கா. நான் சமைக்கியதே இல்ல. பின்ன என்னத்தப் போட்டுத் தருவேன்? எல்லாத்தையும் கழுவிக் கமத்தி வச்சிட்டு முழிச்சிட்டிருக்கேன்!"

என் மகன் காப்பி புரையேறச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. மரியாதை பார்த்து நான் கேட்கவில்லை. மரியாதை பார்த்து அவள் தரவில்லை. இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருக்கிறோம், என் அடுக்களையில் மட்டும் தம்ளர் இல்லை.

ஸ்டெல்லாவின் பின்னாலேயே இறங்கி வந்த பகவதி சிரிக்கவில்லை.

"அக்கா, நானும் எழுதல்ல."

"என்னத்தட்டி?"

"அந்த உதவியாளு ஒரு சாமானத் தேடி எடுத்துக் குடுக்குல்லா? வேல முடிஞ்சதும் திருப்பி விடணும்னு நான் எழுதவே இல்ல."

"ஏன் எழுதல்ல?"

"எல்லாருக்கும் தெரியுமேன்னு..."

ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள். "நானும் வாசிச்சேனே! வாங்கினவன் திருப்பித் தருவான்னு ஒனக்கும் எனக்கும் அவ்வளவு நிச்சயம். அதான் ரெண்டு பேரு கண்ணுலயும் படல்ல. தெரிஞ்ச விஷயந்தான் மக்கா முதல்ல விட்டுப்போகும்."

இரண்டு பேரும் மாடிக்கு ஓடினார்கள். பின்னால் பகவதி விளக்கித்தான் எனக்குத் தெரியும். அந்தச் சாமான் ஒருவன் கையில் இருக்கிறது என்று கர்னல் குறித்து வைத்துக்கொள்ளுமாம். விட்டாயிற்று என்று அவன் சொல்லாதவரை அது அந்தச் சாமானைக் கலைக்கவே கலைக்காது. வாங்கினவர்கள் எல்லாரும் அப்படியே போனால் மிஷின் உள்ளே அடைந்துகொண்டே வந்து ஒருநாள் மூச்சுவிட முடியாமல் நிற்கும். எங்கள் வீட்டில் மாடியில் நடந்தது மாதிரி.

'வேலை முடிந்ததும் இன்ன உதவியாளைக் கூப்பிட்டுத் திருப்பி விடவும். விடாவிட்டால் நினைவகம் விடுபடாது' என்று ஒரு வரி சேர்த்து மறுபடி அனுப்பினார்கள். தை பிறக்கச் சில நாளே இருந்தது. மகன் வந்து வந்து, "பதில் வந்தாச்சா?" என்று கேட்காமல் பேப்பரைப் புரட்டிவிட்டுப் போவான். ஒரு சாயங்காலம் மாடியிலிருந்து அலறல். நான் யாரோ விழுந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். போய்ப் பார்த்தால் இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதிக்கின்றன. 'எடுத்துக்கொண்டேன், நன்றி' என்று பதில்.

"இம்புட்டுத்தானா? பெரிசா ஒண்ணும் சொல்லல்லியா?" என்றேன்.

"ஆச்சி, அந்த ஆளு இவ்வளவு சொன்னதே மால போட்டது மாதிரியாக்கும்" என்றாள் ஸ்டெல்லா.

மகன் அதன்பிறகு கோச்சிங் பேச்சை எடுக்கவில்லை. அந்த நோட்டீஸை நான்தான் எடுத்து அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் விரித்தேன். அதே ஸ்டெல்லா பொங்கலன்று மார்க்கெட்டுக்குப் போய், ஒரு சம்புடத்தில் ஏத்தங்காய் வற்றல், ஒன்றில் முறுக்கு, தூக்குவாளியில் பழம், தம்ளர் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி கற்கண்டு என்று நிரப்பி, படி முழுக்க வரிசையாக வைத்திருந்தாள். அன்றைக்கு நான் பிளந்த வாயை மூட எனக்கு ஒரு மணிநேரம் ஆனது. பகவதிக்கு அந்த வருஷமே பெங்களூரில் இதே வேலை கிடைத்தது. எதிர்வீட்டுக்காரியிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னேன்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். மாதா கோயிலில் அத்தனை சனம். எந்தெந்த நாட்டிலிருந்தோ மெயில் வந்ததாக அவள் தம்பி சொன்னான். பார்த்தே இராதவர்கள், அவள் எழுதியதை மட்டும் வாசித்தவர்கள். நாற்காலிக்காரன் ஒருத்தன் இல்லை, உலகம் முழுக்க இருந்திருக்கிறான்.

அவளிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். தெரிந்ததுதானே என்று வாய்க்குள் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிடுவது. இந்த வயதில் புதுப்பழக்கம், லேசில் வரவில்லை. பகவதி வாரம் தவறாமல் போனில், "ஒனக்கு என்ன வேணும் ஆச்சி?" என்று கேட்பாள். "எனக்கென்ன மக்கா, ஒண்ணும் வேண்டாம். நீ ஒன் ஜோலியப் பாரு" என்றுதான் இத்தனை வருஷமும் சொன்னேன். போன வாரமும் கேட்டாள்.

"நீ வரணும். வந்து ஒரு பத்து நாளு எங்கூட இருக்கணும்" என்றேன்.

"இத ஏன் ஆச்சி இவ்வளவு நாளு சொல்லல்ல?"

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன் மக்கா."

வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறாள்.