பலூன் கடைக்குக் கொடுத்த கொக்கி

எண்பத்தொன்பதாம் வருஷம் என்று நினைக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. காட்டுப்பாக்கத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போவேன். லேத்திலிருந்து வரும் உருப்படிகளை அளந்து பார்த்து, சரியில்லாதவற்றில் சிவப்பு பெயின்ட் வைத்துத் தள்ள வேண்டும். அந்த விஷயத்தில் நான் ரொம்பக் கறார். நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் வீட்டில் பொட்டு வைக்கும் வழக்கமே இல்லை. ஆனால் பட்டறையில் எனக்குப் பட்டப்பெயர் 'குங்குமப் பொட்டு'!

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது துப்பாக்கி சுடுவதில் எனக்கு நல்ல பெயர். வேலைக்கு வந்த பிறகும் ஆசை விடவில்லை. அம்பத்தூர் பக்கம் இருந்த ஒரு சின்ன ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தேன். அங்கே இருந்த துப்பாக்கிகள் எப்போதும் பெரியவர்கள் கையில்தான். மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்க ஐந்தாறு மாதம் இருந்தது. "சொந்தத் துப்பாக்கி இருந்தால் நீயும் வா" என்றார் செயலாளர். எங்கே போவது? நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து, ஸ்டோர் ரூமில் கிடந்த ஒன்றை எடுத்து நீட்டினார். மிகப் பழைய வெளிநாட்டுக் காற்றுத் துப்பாக்கி. ஸ்பிரிங் உடைந்து, பிடியின் கட்டை விரிசல் விட்டு, பாதி பாகங்கள் இல்லாமல் கிடந்தது. "இதைச் சரி பண்ண முடிந்தால் நீயே வைத்துக்கொள்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது.

நான்கு மாதம் அலைந்தேன். ஸ்பிரிங்கை எஸ்டேட்டிலேயே ஒரு கம்பெனியில் சுற்றிக் கொடுத்தார்கள். உள்ளே போகும் தோல் வாஷரைக் கரையான்சாவடியில் செருப்புத் தைக்கும் ஒருவர் எருமைத் தோலில் வெட்டி, எண்ணெயில் ஊறப் போட்டுக் கொடுத்தார். விரிசல் விட்ட கட்டையை எங்கள் கோயிலுக்கு பெஞ்ச் செய்யும் ஆசாரி ஒட்டித் தந்தார். ஒரே ஒரு பாகம்தான் கிடைக்கவில்லை.

அந்தத் துப்பாக்கியின் அடியில் ஒரு நீளமான லீவர் இருக்கும். அதைக் கீழே இழுத்தால் ஸ்பிரிங் சுருங்கி, உள்ளே ஒரு கொக்கியில் மாட்டி நிற்கும். மேலே சின்னதாக ஒரு வாய் திறக்கும். அதில் விரலால் குண்டை வைத்து, லீவரை மூடிவிட்டுச் சுட வேண்டும். அந்தக் கொக்கிதான் இல்லை. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். பட்டணத்தில் கேட்காத கடை இல்லை.

பூந்தமல்லியில் ஒரு திருவிழாவில்தான் பார்த்தேன். பலூன் சுடும் கடையில், என்னுடையதைப் போலவே ஒரு துப்பாக்கி! கடையை நடத்தியவர் முப்பது வயசு இருக்கும் ஒரு அக்கா. விஷயத்தைச் சொல்லி, கொக்கியை மட்டும் கழற்றித் தர முடியுமா என்றேன்.

"குடுத்துட்டு நான் இன்னா பண்றது? கல்லால அடிக்கச் சொல்றதா பலூன?" என்றார்.

விடுவேனா? அடுத்த வாரம் அவர் கடை போட்ட இடத்துக்கும் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். என் திறமையைக் காட்டினால் மனசு மாறும் என்று நினைத்து, ஒரு வரிசை பலூனை ஒன்று விடாமல் சுட்டுத் தள்ளினேன். அக்கா என்னையே பார்த்தார்.

"நல்லாத்தான் சுடறே. இத்தினியும் ஊதறது யாரு? நானாச்சே."

வெட்கமாகப் போய்விட்டது. அங்கேயே உட்கார்ந்து பலூன் ஊத ஆரம்பித்தேன். கன்னம் இரண்டும் வலித்தது. இருட்டுவதற்குள் எப்படியோ பேச்சு வளர்ந்து, கரையான்சாவடியில் அவர் வீடு எங்கே என்பதுவரை போய்விட்டது. கடை கட்டும்போது அவரே கொக்கியைக் கழற்றி, காகிதத்தில் மடித்து என் கையில் வைத்தார். "இத்த மாதிரி ஒண்ணு செஞ்சுக்கோ. சனி, ஞாயிறு ஆவடில கடை. அதுக்குள்ள எனுக்கு வந்துரணும்."

எங்கள் பட்டறையில் டர்னராக இருந்த அண்ணன் அதைப் பார்த்து, எனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று என்று இரண்டு செய்து கொடுத்தார். அக்காவின் பழைய கொக்கி ஓரத்தில் தேய்ந்திருந்தது. வியாழக்கிழமை புதியவற்றை என்னிடம் கொடுக்கும்போதே அண்ணன் சொன்னார்: "பாப்பா, இது பச்சை இரும்பு, இன்னும் காய்ச்சிக் கெட்டியாக்கல. திங்கட்கிழமை எடுத்துட்டு வா, ஹார்டனிங் போற உருப்படிங்களோட அனுப்பிடறேன். அதுவரைக்கும் மாட்டாத."

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் ஆள் எடுக்கும் போட்டி. திங்கட்கிழமை வரை யார் காத்திருப்பது? நாலு நாளில் ஒன்றும் ஆகாது என்று நானே முடிவு செய்தேன். ஊரார் வேலைக்கெல்லாம் சிவப்புப் பொட்டு வைத்தவள், என் வேலைக்கு மட்டும் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை கரையான்சாவடியில் அக்காவின் வீட்டுக்கே போய், பழைய கொக்கியைத் திருப்பிக் கொடுத்ததோடு நிற்காமல், "இது தேய்ந்துபோச்சு அக்கா, புதுசைப் போட்டுக்கோங்க" என்று என் கையாலேயே அவர் துப்பாக்கியில் மாட்டியும் கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு!

ஞாயிறு காலை கிளப்பில் பயிற்சிக்காக முதல் பத்துக் குண்டுகள் அருமையாகப் போயின. பதினொன்றாவது குண்டை வைத்துவிட்டு விரலை எடுக்கிறேன், 'டங்' என்று சத்தம். லீவர் தானாகப் பறந்து மேலே வந்து மோதியது. திறந்திருந்த வாய் கத்தி மாதிரி மூடிக்கொண்டது. ஆள்காட்டி விரல் நகத்தின் ஓரத்தைச் சீவிக்கொண்டு போயிருந்தது. ஒரு கணம் பிந்தியிருந்தால் விரலே போயிருக்கும். கழற்றிப் பார்த்தால், கொக்கியின் முனை மெழுகு மாதிரி மழுங்கியிருந்தது.

பக்கத்தில் இருந்தவர், "என் துப்பாக்கியைத் தர்றேன், பதற்றப்படாமல் சுடு" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதே மாதிரிக் கொக்கி ஆவடியில் ஒரு திருவிழாக் கடையில் இருக்கிறது. சின்னச் சின்னப் பிள்ளைகள் ஆசை ஆசையாகக் குண்டு போடும் துப்பாக்கியில்.

என் பெயரைக் கூப்பிட இன்னும் அரைமணி நேரம் இருந்தது. நான் நிற்கவில்லை. ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு மூன்று ஸ்டேஷன்தான். அதற்குள் எத்தனை செபம் சொன்னேன் என்று கணக்கில்லை. ஆவடியில் இறங்கி ஓடினேன். கூட்டத்தை இடித்துக்கொண்டு போனால், கடை முன்னால் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். "சுடாதீங்க!" என்று கத்தியேவிட்டேன்.

அக்கா என்னைப் பார்த்ததும் கடையை விட்டு எழுந்து வந்தார். என் இரண்டு கையையும் பிடித்து, விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தார்.

"வெரலெல்லாம் கீதா? அப்பாடா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முந்தின நாள் சாயங்காலமே அந்தக் கொக்கி இரண்டு தடவை நழுவியிருக்கிறது. பிள்ளைகள் குண்டு போடும்போது லீவரைத் தன் கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வது அவர் பழக்கம். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உடனே என்னுடையதைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டியிருக்கிறார்.

"இரும்ப நம்பிக்கினு புள்ளைங்க வெரல வுடுவனா? எனுக்கு அதுகூட கவல இல்ல. இவளும் இத்தத்தானே மாட்டிக்கினு இருப்பா, எங்க போய் சொல்றதுன்னு ராவெல்லாம் தூக்கமே இல்ல. நீ எங்க கீறேன்னு எனுக்கு இன்னா தெரியும்? கேட்டுக்கூட வெச்சிக்கல" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

டர்னர் அண்ணன் பச்சை இரும்பு என்று சொன்னதையும், நான் அவசரப்பட்டதையும் அழுதுகொண்டே சொன்னேன். நன்றாகத் திட்டினார். திட்டி முடித்ததும் டீ வாங்கிக் கொடுத்து, "போட்டி இன்னாச்சு?" என்றார். சுடாமலேயே வந்துவிட்டேன் என்றேன். என் நகத்தில் துணி சுற்றிவிட்டார்.

திங்கட்கிழமை இரண்டு கொக்கிகளையும் சிவப்பு பெயின்ட் வைத்து டர்னர் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் புதிதாகச் செய்தார். இந்தத் தடவை ஹார்டனிங் முடிந்து வந்ததும் ஐந்நூறு தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் ஒன்றை அக்காவிடம் கொண்டு போனேன். அவரும் தன் பங்குக்கு ஐம்பது தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்! மறுவருஷம் அதே துப்பாக்கியோடு தேர்வுக்குப் போனேன். ஏழாவதாக வந்தேன், எடுத்தது ஆறு பேரைத்தான். அதற்கடுத்த வருஷம் எடுத்தார்கள்.

போட்டியை விட்டுவிட்டு ஓடினேனே என்று யாராவது பாராட்டினால் எனக்குக் கூச்சமாக இருக்கும். என் விரல் தப்பிய பிறகுதான் அந்த அக்காவின் ஞாபகமே எனக்கு வந்தது. அவரோ, மூன்று வாரம் தொந்தரவு செய்த ஒரு பெண்ணின் விரல்களை நினைத்து அதற்கு முந்தின ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்திருக்கிறார்.