அட்டையில் இல்லாத பெயர்

போன ஞாயிறு நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் மகன் வீட்டுக் குசினியில் உப்புமாவுக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். மேசையில் கிடந்த அவனுடைய ஃபோனில் ஏதோ பழைய ஃபங்க் பாட்டு. பேஸ் கிற்றாருக்குப் பின்னால் ஒரு மிருதங்கம் புகுந்தது. ரவை கருகியதைக்கூடக் கவனிக்கவில்லை. அதை வாசித்தது நான்.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எழுபதுகளில், ஊரைவிட்டு இங்கே வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் பதினோராம் மாடியில் இருந்தேன். பகலில் ஒரு கம்பனியில் வரைபடம் கீறும் வேலை, மாலையில் மிருதங்கம். பக்கத்து அப்பார்ட்மென்ற் வின்ஸ்டன் ஒருநாள் கதவைத் தட்டினான். சத்தத்துக்குச் சண்டைபிடிக்க வருகிறான் என்று மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவனோ நிலத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். ஜமேக்காவிலிருந்து வந்த பேஸ் கிற்றார்காரன். தன் முதல் இசைத்தட்டுக்குப் பாட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்ரூடியோவில் ஹீற்றர் சூட்டுக்கு மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் கனத்த நாதத்துக்காக அப்பும் பசை காய்ந்து காய்ந்து உதிரும். அதற்கு வேண்டிய ரவை இங்கே கிடைக்காத காலம். காலைக் கஞ்சிக்கு விற்ற கோதுமைக் குருணையைக் குழைத்து, கிண்ணமும் கையுமாக என் பக்கத்தில் நிற்பான் வின்ஸ்டன். அந்த ஈர மணம் இன்னும் விரல்களில் இருப்பதாக எனக்கொரு நினைப்பு.

என் பெயரைத் தட்டின் அட்டையில் போடவேண்டாம் என்று நான்தான் கெஞ்சினேன். ஊரில் எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெடியன் எப்படி என்று பெண்வீட்டார் கடிதத்தில் விசாரித்தது இங்கிருந்த எங்கள் ஊர் டொக்டர் அண்ணையிடம். கறுப்பரோடு சேர்ந்து கூத்தடிக்கிறான் என்று அவர் ஒரு வரி எழுதினால் கலியாணம் குழம்பிவிடும். வின்ஸ்டனிடம் காரணத்தில் பாதிதான் சொன்னேன். அவன் மறுபேச்சில்லாமல் ‘மிருதங்கம்: ஒரு நண்பர்’ என்று அச்சடித்தான்.

தட்டு விற்கவில்லை. ஒரேயொரு பத்திரிகை எழுதியது. தட்டின் இரண்டாம் பக்கத்தில் வரும் அந்த விசித்திர மேளத்துக்காகவே வாங்கலாமாம். அதை வெட்டி என் கதவில் ஒட்டியிருந்தான். யாராவது பார்க்குமுன் கிழித்தெடுத்தேன்.

அந்தத் தைப்பொங்கலுக்குப் பனி கொட்டியது. வின்ஸ்டன்தான் தன் வான் வண்டியில் என்னை டொக்டர் அண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போனான். ‘வான் ஓட்டி வந்தவர்’ என்று அறிமுகம் செய்தேன். அவன் ஆசையாகக் கொண்டுவந்த தட்டை அண்ணை போட்டார். இரண்டாம் பக்கம் வந்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

“உது ஆர் மிருதங்கத்தை உந்தப் பாடு படுத்திறது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

“தெரியேல்லை அண்ணை. ஆரோ இந்தியாக்காரனாக்கும்.”

வின்ஸ்டனுக்குத் தமிழ் தெரியாது, சிரிப்புத் தெரியும். அண்ணை அவனிடமே ஆங்கிலத்தில் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த பொங்கலைப் பார்த்தேன்.

“ஒரு நண்பன். கொஞ்சம் கூச்சக்காரன்,” என்றான்.

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.  எனக்குக் கலியாணம் நடந்தது. அவன் இரண்டாவது தட்டுப் போடவேயில்லை, சொல்லாமல் வீடு மாறிப்போனான். டொக்டர் அண்ணை காலமாகிவிட்டார். ஸ்ரூடியோ இருந்த இடத்தில் கொண்டோ மாடிக்கட்டடம் நிற்கிறது. வின்ஸ்டன் செத்துப்போனதையும் அந்த ஞாயிறு மகன் ஃபோனில் பார்த்து வாசித்துச் சொல்லித்தான் அறிந்தேன். தட்டை மறுபடி வெளியிட்டிருக்கிறார்களாம், அந்த நண்பரைத் தேடுகிறார்களாம்.

“அப்பா, நீங்களும் மிருதங்கம் அடிச்சனீங்கள்தானே. உது ஆரெண்டு தெரியுமோ?”

இனிப் பயப்பட ஒருவரும் இல்லை. மனைவிகூடத் தலையாட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“தெரியேல்லை,” என்றேன். கருகிய ரவையைக் கொட்டிவிட்டுப் புதிதாக வறுக்கத் தொடங்கினேன்.