பூநாரை காட்டப்போன அரசப்பன்

பழவேற்காட்டு ஏரியில் வலை வீசுவதைத் தவிர அரசப்பனுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. கடலும் ஏரியும் கலக்கிற முகத்துவாரம் மண்ணடைந்து, இறாலும் மடவை மீனும் உள்ளே வராமல் போன வருஷம்தான் துளசிராமன் வேனில் வந்து இறங்கினார். மெட்ராசிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து ஊர் சுற்றிக் காட்டுவது அவர் தொழில். வருகிறவர்கள் பழைய டச்சுக் கல்லறைகளைப் பார்த்துவிட்டு, அரசப்பன் படகில் பூநாரை பார்க்கப் போவார்கள். கரைக்குத் திரும்பினால் அவன் பெண்சாதி அஞ்சம்மாள் சோறும் நண்டுக் குழம்புமாகக் காத்திருப்பாள். அந்தப் பனிக்காலம் வயிற்றுக்குக் குறையில்லாமல் போயிற்று.

மறுவருஷம் வந்த கூட்டத்தில் ஒருவர் காமிராவோடு வந்திருந்தார். பறவைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டே இருந்தன. அவருக்குச் சலித்துவிட்டது.

"பறந்தாத்தானே இறக்கையில இருக்கற சிவப்பு தெரியும்?"

துளசிராமன் திரும்பினார். "அரசப்பா, கழியால படகைத் தட்டு."

"வேணாம் சார். மேயசொல்ல கலைச்சா அதுங்க இந்தாண்ட தங்காது."

"ஒரு தபா தட்டினா இன்னா ஆயிடும்? உன்னால முடியலன்னா சொல்லு, வேற படகு பாத்துக்கறேன்."

அரசப்பன் தட்டினான். ஏரியே சிவந்து எழுந்ததுபோல் அத்தனையும் கிளம்பின. படகிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். பிறகு வந்த கூட்டமெல்லாம் அதையே கேட்டது.

"மாட்டேன்னு சொல்லிடேன்யா," என்றாள் அஞ்சம்மாள்.

"சொன்னா வேற படகுல போவாங்க. அவனும் தட்டத்தான் போறான்."

மூன்றாம் வருஷம் பறவைகள் ஆந்திராப் பக்கம் வெகுதூரத்தில் இறங்கின. காற்றை எதிர்த்துக் கழி ஊன்றி அரசப்பன் தோள் வீங்கியதுதான் மிச்சம். படகில் வந்தவர்கள் பாதி வழியிலேயே திருப்பச் சொன்னார்கள். துளசிராமன் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை.

"இங்க பாக்கறதுக்கு வேற இன்னா கீது?"

அரசப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். "தண்ணிதான் சார்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேன் வரவில்லை. ஆக்கி வைத்த குழம்பை அஞ்சம்மாள் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள். ஒருநாள் அரசப்பன் மட்டும் தனியாகப் படகெடுத்துப் போனான். சத்தமில்லாமல் நெடுந்தூரம் போய் நின்றான். தட்டவில்லை, இருமக்கூட இல்லை. படகைக் கண்டதுமே பறவைகள் எழுந்துவிட்டன.

முகத்துவாரம் இன்னும் அடைந்தே கிடந்தது; வலைக்கும் வழியில்லை. தை பிறந்ததும் கும்மிடிப்பூண்டிக்குப் பஸ் ஏறினான். புதிதாகத் தொழிற்சாலை கட்டுகிற இடத்தில் சித்தாள் வேலை கிடைத்தது.

"ஏரிக்கார ஊராச்சே. அத்த உட்டுட்டு இங்க ஏன் வந்த?" என்று கேட்டார் மேஸ்திரி.

அரசப்பன் குனிந்து கலவைச் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான்.