வீட்டை அடமானம் வைத்து வாங்கிய மனை

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் எங்கள் வீடு என் பெயரிலும் கணவர் பெயரிலும் உள்ளது. தில்லை நகரில் மருந்துக்கடை நடத்தும் அவர், மணப்பாறை சாலையில் இரண்டு மனை வாங்கிப் போட்டால் சீக்கிரமே நல்ல விலைக்கு விற்கலாம் என்று நம்பினார். அதற்காக வீட்டை அடமானம் வைத்து வங்கியில் கடன் வாங்கினார்.

"மனை வித்ததும் பத்திரத்தை மீட்டுடலாம்" என்றார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

மனையை வாங்க யாரும் வரவில்லை. கடையிலும் வியாபாரம் படுத்தது. தவணைகள் நின்றுபோயின. ஒருநாள் காலை வங்கியிலிருந்து வந்தவர்கள் எங்கள் சுவரில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். மாடியில் குடியிருக்கும் டீச்சர் அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. நாங்க வேற வீடு பாத்துக்கணுமா?"

கேட்டுக்கொண்டிருந்த கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றே மனைக்குப் பக்கத்து நிலத்துக்காரரைப் போய்ப் பார்த்தோம்.

"நீங்க வாங்கின விலைக்கு என்னால முடியாதுங்க" என்றார் அவர். அவர் சொன்ன விலைக்கே கொடுத்தோம். மீதிக்கு என் நகைகள் போயின. வீடு தப்பியது.

இப்போதெல்லாம் எந்தக் கடன் பத்திரமானாலும், இருவரும் உட்கார்ந்து முழுதாகப் படிக்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. சமீபத்தில் என் தம்பியும் தன் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு இதே யோசனையோடு வந்தான். நான் வாயைத் திறக்கும் முன் என் கணவர் கேட்டார்:

"மனை விக்கலைன்னா தவணைய எதுலேர்ந்து கட்டுவீங்க மாப்ளே?"

தம்பி பத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டான்.