போர்வைகளை உலர்த்திய ஏகாம்பரம்

உத்திரமேரூர்த் தமிழ் மன்றத்துத் தோழர்களே! ஏகாம்பரத்துக்கு மாலை வாங்கி வந்திருக்கும் அன்பர்களே! மாலைக்கு நன்றி. ஆனால் என் நெஞ்சில் ஒரு முறையீடு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் வாழ்ந்த வீட்டில் அவருடைய துணியுலர்த்தி ஓட்ட ஆளின்றிக் கிடக்கிறது. நாளைக் காலை பழைய இரும்புக்காரர் அதை ஏற்றிச் செல்லப்போகிறார். மானாம்பதியிலோ, நெல் மண்டியில் மூட்டை சரிந்து முதுகெலும்பு முறிந்த ஒரு மனிதர், இந்த அடைமழையில் ஈரப் போர்வையின்மேல் கிடக்கிறார். அவருடைய மனைவி செல்வியை உங்களில் பலருக்குத் தெரியாது. ஏகாம்பரத்துக்குத் தெரியும். அவர் இன்று இல்லை.

செய்தி வந்தபோது நான் தொலைவில் ஓர் ஊரில் மேடையேறக் காத்திருந்தேன். ஒலிபெருக்கியில் என் பெயரை அடைமொழிகளோடு அழைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் கைப்பேசி ஒலித்தது. நம் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் பாய் பேசினார்.

“ஐயா, நம்ம ஏகாம்பரம் பூட்டாரு.”

“எப்போது? உடன் யார் இருந்தார்கள்?”

“யாரு கீறாங்க அவருக்கு? செல்விப் பொண்ணுதான் போர்வைய வாங்கிக்கினு போவ வந்திருக்குது. நாற்காலில உக்காந்தமேனிக்கு இருந்தாராம். மெஷின் தானா நின்னுகினு இருந்துச்சாம். உள்ள போர்வை இன்னும் சூடா இருந்துச்சி பாய்னு, அதையே சொல்லிச் சொல்லி அழுவுது.”

அன்று நான் மேடையேறவில்லை. திரும்பி வந்த பேருந்தில் பக்கத்தில் இருந்தவர், எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். பயணச்சீட்டை எடுத்து அவரிடம் காட்டினேன். ஊர் ஊராகப் பேசித் திரிந்த எனக்கு, திரும்பி வந்தால் ‘சாப்ட்டீங்களா’ என்று கேட்க இந்த ஊரில் இருந்தவர் அவர் ஒருவர்தாம்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் ஏகாம்பரம். பிள்ளைகள் இல்லை. ஓய்வுக்குப் பின் ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று கணவனும் மனைவியும் எண்ணியிருந்த வேளையில், தனம் அம்மையாருக்கு ஒரு பக்கம் கையும் காலும் செயலிழந்தன. ஐப்பசி பிறந்தது, துவைத்த விரிப்புகள் கொடியிலேயே புளித்து நாறின. ஈரவிரிப்பில் கிடந்து அம்மையாரின் முதுகில் புண் கண்டது. அப்போதுதான் காதர் பாய், குவைத்திலிருந்து மகன் கொண்டுவந்த உலர்த்தியை அவருக்குக் கொடுத்தார்.

“எங்கூட்டு மாடி கூர போட்டு மைதானம் மாதிரி கீது, துணி அங்கியே காஞ்சிடுது. இது சும்மா எடத்த அடைச்சிக்கினு நிக்குது. எடுத்துக்கினு போ ஏகாம்பரம்.”

நம் மன்றத்தார் சும்மா இருப்போமா? திரண்டு போய், வந்திறங்கிய உலர்த்திக்குப் பொன்னாடை போர்த்தினோம். நான் அதற்குத் ‘துணியுலர்த்தி’ என்று பெயரும் சூட்டினேன். “ட்ரையர்னு கூப்டாதான் புலவரே அது சுத்துது” என்றார் அவர். பிறகு பொன்னாடையை உருவி எடுத்தார். “காத்து போற எடத்த மூடாதீங்கப்பா. எம்மேல போடுங்க, குளிருது.” எல்லாரும் சிரித்தோம். உள்ளறையிலிருந்து தனம் அம்மையாரும் சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்பை நாம் கேட்டது அன்றுதான் கடைசி.

அவருக்குப் பொறியறிவு கிடையாது. விசிறிக்கே ஆள் கூப்பிடுகிறவர். ஆனால் ஒவ்வொரு முறை துணி எடுத்த பின்னும் உலர்த்தியின் வாயிலிருந்த வலையை உருவி, அதில் படிந்த நூல்தூசியை வழித்தெடுப்பார். சாம்பல் நிறத்தில், பஞ்சு போல, மெத்தென்று வரும். “துணி தேஞ்சி தேஞ்சி இங்க வந்து சேருது. இத்த எடுக்கலன்னா காத்து நிக்கும். காத்து நின்னா சூடு ஏறும். அப்புறம் நெருப்புதான்” என்பார். உள்ளே உருளையைச் சுற்றும் வார் ஒருமுறை அறுந்துபோனது. குவைத்திலிருந்து விடுப்பில் வருகிறவர் யாரேனும் புதியது கொண்டுவர வேண்டும். அதுவரை அவர் கரிப்பெட்டியால் தேய்த்துத் தேய்த்தே விரிப்புகளை உலர்த்தினார். வலக்கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. கேட்டதற்கு, “எழுதனப்போ வீங்காத கை, இப்ப வீங்குது பாருங்க” என்றார்.

ஒரு மழைநாளில், கூட்டத்துக்குப் புறப்பட்ட நான் என் நனைந்த துண்டை அவரிடம் நீட்டினேன். உலர்த்தி ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாங்கவில்லை.

“கொஞ்ச நேரம் நிறுத்தி இதைப் போடக்கூடாதா? ஈரத்துண்டோடு மேடையேறுவதா?”

“உங்க துண்டு காயலன்னா கூட்டம் காத்திருக்கும் புலவரே. அவ முதுகு காத்திருக்காது.”

ஈரத்துண்டோடுதான் அன்று பேசினேன். தும்மலுக்கும் கைதட்டினார்கள்.

இனிச் சொல்லப்போவது உங்களில் பலர் அறியாதது. ஒரு கார்த்திகையில் உலர்த்தி சண்டித்தனம் செய்தது. உருளை சுற்றியது. சூடும் வந்தது, சற்று நேரத்தில் சூடு தானே நின்றுபோனது. துணிகள் அவித்தெடுத்தவைபோல் ஈரமும் வெதுவெதுப்புமாக வெளிவந்தன. அவர் வலையைக் கழுவினார். முதுகுத் தகட்டைக் கழற்றிச் சூடேற்றும் சுருளைச் சுற்றிலும் துலக்கினார். வாரைப் பார்த்தார். மின்னழுத்தம் குறைவோ என்று ஐயுற்று, தெரு உறங்கும் பிற்பகலில் ஓட்டிப் பார்த்தார். எதுவும் உதவவில்லை. ஆறிவந்த அம்மையாரின் புண் மறுபடியும் சிவந்தது. நான் போனபோது உலர்த்தியின் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். தோற்றுப்போன முகம்.

கடைசி முயற்சியாக, உலர்த்தியின் சூட்டை வெளியே விடச் சுவர்த்துளைக்குள் செருகியிருந்த காற்றுக்குழாயை உருவினார். அடைபட்டிருந்த வெப்பக்காற்று குப்பென்று எங்கள் முகத்தில் அடித்தது. உலர்த்தியில் பழுதே இல்லை. துளைக்குள் கையை விட்டார். விரல் முட்டி நின்றது. வெளியே சுற்றிப்போய்ப் பார்த்தோம். சிமெண்டு கலவை வைத்துத் துளையை யாரோ பூசியிருந்தார்கள். அந்தப் பக்கம் அடுத்த வீட்டின் அடுக்களைச் சாளரம்.

நான் தெருவிலேயே தொண்டையைத் திறந்தேன். நோயாளியின் மூச்சை அடைத்த கை எது என்று கேட்டேன். அடுத்த வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

“நான்தான் அடைச்சேன். இன்னா இப்போ? சீக்குத் துணிக் காத்து எங்க கொயம்பு மேல அடிக்குது. எங்கூட்லயும் கொயந்தைங்க கீது.”

நான் அடுத்த சொல்லுக்கு வாய் திறக்குமுன் ஏகாம்பரம் என் தோளைப் பிடித்தார். “மேடைல பேசறத தெருவுல பேசாதீங்க.” பிறகு அவரிடம் திரும்பி, “ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கொயாய திருப்பியிருப்பேனே சார்” என்றார். அவ்வளவுதான். அந்த அண்டை வீட்டுக்காரர் யாரென்று நான் சொல்லமாட்டேன். ஏகாம்பரமும் எவரிடமும் சொன்னதில்லை.

குழாயை வளைத்துக் கூரைக்கு மேலே கொண்டுபோனார். குழாய் நீண்டால், வளைவு கூடினால், தூசி விரைந்து அடைக்கும். மூங்கில் கழியின் நுனியில் துணி சுற்றி, ஓயாமல் அதைக் குத்தித் துப்புரவு செய்வதே அவர் வேலையாயிற்று. மன்றத்துக்கு வருவது நின்றது. நாம் என்ன சொன்னோம்? “பொண்டாட்டிக்கு வண்ணாரு வேல பாக்கறாரு, இனிமே நம்ம பக்கம் வருவாரா?” என்றோம். அவர் காதுக்கும் அது போயிருக்கும். ஊர் சிறியது.

அம்மையார் மறைந்தார். அதன்பின் ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். உலர்த்தி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரே ஒரு துண்டு, தொப்பு தொப்பென்று விழுந்து புரண்டுகொண்டிருந்தது. “வெளியே நல்ல வெயில் அடிக்கிறதே” என்றேன். “வூட்ல சத்தமே இல்ல புலவரே” என்றார். இருவரும் அந்த ஓசையைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தோம். 

பிறகுதான் செல்வி வந்தாள். காதர் பாய் கடையில் மலிவு விரிப்புகளை அடுத்தடுத்து வாங்கினாளாம். ஏன் என்று அவர் கேட்க, “தொவச்ச பயசு காயல பாய், அதான்” என்றாளாம். அவர் ஏகாம்பரத்தின் வீட்டைக் கைகாட்டி அனுப்பினார். அன்றுமுதல் மழைக்காலமெல்லாம் அவள் உரச்சாக்கில் ஈரப் போர்வைகளைச் சுமந்து மானாம்பதியிலிருந்து பேருந்தில் வருவாள். உலரும்வரை கடைத்தெருவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வாங்கிப்போவாள். “நைனா, உங்களுக்கு ஏன் இந்த பேஜாரு?” என்பாள். “நீ வரலன்னாதான் பேஜாரு, கொண்டா” என்பார். வெதுவெதுப்பு ஆறுமுன் போர்வைகளை மடித்து, அவள் வருகிற நேரத்துக்குக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பார். காத்திருக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டதில் அவர் முகம் தெளிந்திருந்தது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பொருள் எதுவுமன்று. ‘அவ முதுகு காத்திருக்காது’ என்ற சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். என் நாற்பதாண்டுப் பேச்சில் அதற்கு ஈடான ஒரு வரியை நான் பேசியதில்லை.

தோழர்களே! வீட்டுச் சாவி செங்கற்பட்டிலிருந்து வந்திருக்கும் அவருடைய அண்ணன் மகனிடம் இருக்கிறது. காதர் பாய் அவரிடம் பேசிவிட்டார். “யாரு வோணா எடுத்துக்கட்டும், இன்னிக்குள்ள எடுங்க, வூட்ட வாடகைக்கு வுடணும்” என்கிறார். செல்வி வீட்டுக்குத் தடித்த கம்பி இழுத்துப் பெரிய பிளக்கும் எர்த்தும் வைக்கத் தெரிந்தவர் இந்த அவையில் இருக்கிறார். சுவரில் துளையிடத் தெரிந்தவரும் இருக்கிறார். துளை அண்டை வீட்டைப் பார்க்காமல் வயலைப் பார்க்கட்டும். தூசிவலையை எப்படி வழிப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன். கிழமைக்கு ஒருவராகப் போய்க் குழாயைக் குத்திவிட்டு, அந்தக் கட்டிலின் அருகே சற்றே உட்கார்ந்து பேசிவிட்டு வருவதற்கு உங்கள் பெயர்களை வழியில் சொல்லுங்கள். மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. அவர் வீட்டுக்குப் போய் உலர்த்தியை வண்டியில் ஏற்றுவோம்: இருவர் தலைமாட்டில், இருவர் கால்மாட்டில். மாலைகளை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்திருங்கள். தூக்குங்கள், மானாம்பதிக்குப் போவோம்!